சேனை வைத்த விரல்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். முனி அடித்தது, காற்றுப் பிடித்தது என்று யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போகிற ஆள் நான். எங்கள் ஊர் வெண்ணந்தூருக்குத் தெற்கே, வரைபடத்தில் தேடினால் அகப்படாத ஒரு காட்டூர். ஹைஸ்கூலுக்குப் போகிற வழி சுடுகாட்டை ஒட்டித்தான் போகும். ஆறு வருஷம் அந்த வழியாக நடந்திருக்கிறேன், ஒரு நாளும் எதுவும் என்னைத் தொட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் விரலில் மை படுவதென்றால் அது கைநாட்டு வைக்கிற அன்றைக்குத்தான். பேனா பிடித்து மை பட்ட முதல் விரல் என்னுடையது. அந்த விரலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இரவில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நீங்கள் தள்ளிவிடலாம். நடந்தது சித்திரை மாதம், பகல் பன்னிரண்டரை மணி. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டிருந்தேன், காய்ச்சல் இல்லை, குடிக்கிற பழக்கம் அன்றும் இல்லை இன்றும் இல்லை.

நயா பைசா புதிதாக வந்திருந்த காலம். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பிறப்பு ஒரு புத்தகம், இறப்பு ஒரு புத்தகம், இரண்டையும் நான்தான் எழுதினேன். இறப்புப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்துக்கு மேலே 'மரண காரணம்' என்று அச்சடித்திருக்கும். எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா ஓய்வு பெற்றுப் போகிற அன்று எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். குறைமாதக் குழந்தை செத்தால் 'பிறவிப் பலவீனம்' என்று எழுது, வேறு எதையாவது எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், பலவீனத்துக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். நானும் அப்படியே எழுதினேன். நர்ஸம்மா சீட்டில் 'பேதி' என்று எழுதி அனுப்பினாலும் என் புத்தகத்தில் அது பிறவிப் பலவீனமாகத்தான் ஏறியது.

குறைமாதக் குழந்தைகளுக்கென்று பிரசவ வார்டின் கோடியில் ஓர் அறை இருந்தது. ஆறு இரும்புத் தொட்டில். இப்போது பெரிய ஊர்களில் கண்ணாடிப் பெட்டியெல்லாம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், அப்போது எங்களிடம் இருந்தது பஞ்சும் வெந்நீர்ப் புட்டியும்தான். குழந்தையைப் பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் கம்பளித் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி வைத்து, தாய்ப்பாலைப் பிழிந்து மை நிரப்புகிற ஃபில்லர் மாதிரி ஒன்றால் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பெற்றவர்கள்கூட உள்ளே வரக்கூடாது, கம்பிவலை போட்ட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தைப் போட்டது ஹெட் நர்ஸ் ரெஜினா அம்மாள். சேலம் டவுன்காரர், மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவாம். ஐம்பது வயதிருக்கும். எங்கள் காட்டுப்பக்கத்து ஜனங்களைக் கண்டாலே அந்த அம்மாளுக்கு மூக்கு விடைக்கும், அல்லது அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. ஒரு சீட்டு வாங்க அந்த அறை வாசலுக்குப் போய்க் கதவில் கை வைத்தேன்.

"ஏய் குமாஸ்தா, கையை எடு! என்ன அது விரல்ல?"

"மைதானுங்க."

"மையோ மண்ணோ, அந்தக் கையோட கதவைக்கூடத் தொடாதே. பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாங்க, கை கழுவச் சொல்லிக்கொடுக்கலையா உங்க ஊர்ல?"

வராந்தாவில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். எங்கள் அப்பன் பாட்டனுக்குக் கிடைக்காத மை அது. அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன், இந்த அம்மாளுக்கு என்னால் ஓர் உதவியும் கிடையாது என்று.

அப்புறம் ஒரு நாள், பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர் என் மேசைக்கு முன்னால் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மகன் பிறந்து மூன்று நாள், குறைமாதம், மேல் உதடு நடுவில் பிளந்திருந்தது.

"ஏனுங்க சாமி, நீங்க நம்ம பக்கத்து ஆளுன்னாங்க. எம்பட பையனுக்கு நீங்கதான் சேனை வெக்கோணும்."

எங்கள் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பேர். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் நிலம் நீச்சு உள்ள ஆளாக, நல்ல பேரெடுத்த ஆளாகப் பார்ப்பார்கள்.

"நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"படிப்புத் தெரியுதில்லீங்க! பொழைச்சான்னா உங்களாட்டம் நாலெழுத்துப் படிப்பான். போனாலும் வெறும் வாயோட போகமாட்டானுங்க சாமி."

அந்த அறையில் வேலை பார்த்த ஆயா அங்கம்மாவிடம் அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். ஹெட் நர்ஸ் பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனால் ஒன்று பத்துக்குத்தான் வருவார். அங்கம்மா கெட்டவள் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நாக்கில் இனிப்பே படாமல் ஒரு சிசு போய்ச் சேர்வது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஜன்னல் திண்டில் மடித்த துணிக்குப் பின்னால் ஒரு பித்தளைக் கிண்ணம் ஒளித்து வைத்திருந்தாள். காலையில் கரைத்த சர்க்கரைத் தண்ணீர், சில நாள் முந்தின நாள் கரைத்தது. ஓரத்தில் ஈ மொய்க்கும். நான் ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதில் தோய்த்து, அந்தப் பிளந்த உதட்டுக்குள் வைத்தேன். குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்து விரலைச் சப்பியது.

பேயை நம்பாத நீ இதை நம்பினாயா என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வெளியே வந்தபோது அந்த மனிதர், என் அப்பா வயது, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது பொய்யில்லை.

அந்தக் குழந்தை ஐந்தாம் நாள் செத்தது. பிறவிப் பலவீனம்.

சங்கதி எப்படியோ பரவிவிட்டது. நம்ம பக்கத்துப் பையன், கவர்ன்மெண்டு உத்தியோகம், அவன் கையால் சேனை வைத்தால் பிள்ளை படிக்கும் என்று. அந்த அறைக்குக் குழந்தை வந்தால் தகப்பன் என்னைத் தேடி வருவான். நானும் போனேன். ஒரே கிண்ணம், ஒரே விரல், ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்கு. சில குழந்தை பிழைத்தது, பல குழந்தை பிழைக்கவில்லை. குறைமாதம், போவது சகஜம்தானே என்று இருந்துவிட்டேன். இரண்டு காரியத்தையும் செய்த கை ஒன்றுதான், சேனை வைத்ததும் சாவை எழுதியதும். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹெட் நர்ஸுக்குத் தோன்றியது. பங்குனிக் கடைசியில் என் மேசைக்கு வந்தார், முகம் கறுத்திருந்தது.

"அந்தச் சாவுப் புத்தகத்தைக் கொடு. மூணு நாள் வரைக்கும் நல்லா பால் குடிக்குது, அப்புறம் பேதி, ரெண்டு நாள்ல போயிடுது. எந்தெந்தத் தேதின்னு நான் பார்க்கணும். உள்ளே யாரோ எதையோ கொடுக்கிறாங்க."

"டாக்டரம்மா எழுத்துல கேட்டா தர்றனுங்க."

"சாவறது உங்க ஜனத்துப் பிள்ளைங்கதான்டா!"

"அதான் எங்க ஜனம்னாலே உங்களுக்கு எளக்காரமாச்சே. போங்க, எழுதி வாங்கிட்டு வாங்க."

புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். எனக்கோ ஜெயித்த மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் என் அக்கா பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முதல் குழந்தை வீட்டிலேயே பிறந்து, அரிவாளால் தொப்புள்கொடி அறுத்து, சாம்பல் வைத்து, ஏழாம் நாள் வாய் கிட்டிப்போய், உடம்பு வில்லாக வளைந்து செத்தது. அதை நான் பார்த்தேன். அதனால் இரண்டாவது தரித்தபோது ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அத்தான் சென்னியப்பனுக்கு இஷ்டமே இல்லை. எட்டாம் மாதம் அவளுக்கு இடுப்பு வலி கண்டு, மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"மாப்ளே, நீ படிச்சவன்னு உம்பட பேச்சைக் கேட்டுக் கூட்டியாந்துட்டேன். இதுவும் போச்சுன்னா உம்பட மூஞ்சில முழிக்கமாட்டேன். உங்கக்காளையும் உங்க ஊட்டுலயே உட்டுட்டுப் போயிருவேன், தெரிஞ்சுக்கோ."

வெறும் மிரட்டல் இல்லை, செய்கிற ஆள். ஆண் குழந்தை பிறந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்கூட நீளமில்லை. கோடி அறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"சாமி, ஊரு பிள்ளைக்கெல்லாம் சேனை வெக்கிறியாம். என்ற பிள்ளைக்கு வெக்கமாட்டியா?"

"வெக்காம இருப்பனா அக்கா? மத்தியானம் வெக்கிறேன்."

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. ஹெட் நர்ஸ் சாப்பிடப் போவதைப் பார்த்துவிட்டுப் போனேன். அங்கம்மா வராந்தாவில் காவலுக்கு நின்றாள். நான் தனியாக உள்ளே போனேன். ஆறு தொட்டிலில் இரண்டில்தான் குழந்தை, மற்ற நாலும் காலி. சலவை செய்த துணியை மடித்து வைத்திருந்தார்கள். வெந்நீர்ப் புட்டியும் சித்திரை வெயிலும் சேர்ந்து அறை அடுப்பு மாதிரி இருந்தது. கிண்ணத்தை இடக்கையில் எடுத்து, விரலைத் தோய்த்துக்கொண்டு குனிந்தேன்.

என் மருமகன் வாயைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே மடக்கி இறுக்கி வைத்திருந்தான். கண் திறந்திருந்தது. பிறந்து ஒரு நாள் ஆன குறைமாதக் குழந்தை ஆளைப் பார்க்காது என்று டாக்டரம்மாவே பிறகு என்னிடம் சொன்னார். பார்த்தான். நேராக என்னைப் பார்த்தான்.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது. பால் குடிக்கிற சத்தம், நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற அந்தச் சத்தம். ஜன்னலோரத் தொட்டிலிலிருந்து வந்தது. அது காலித் தொட்டில். பூனை புகுந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த தொட்டிலிலும் கேட்டது. அப்புறம் அடுத்தது. நாலு காலித் தொட்டிலிலும் துணி மடித்தது மடித்தபடியே இருக்க, சப்புகிற சத்தம் மட்டும் பெருகியது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நீட்டியிருந்த என் விரலை ஒரு வாய் கவ்வியது.

விரல் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஆனால் தோல் குழிந்தது, பல்லில்லாத ஈறு இரண்டு பக்கமும் அழுத்தியது, நகம் வரைக்கும் உள்ளே இழுத்தது. அந்த அனலில் அந்த வாய் மட்டும் கிணற்றடித் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. கொஞ்ச நேரம் சப்பிவிட்டு ஒரு கடி கடித்து விட்டது. விட்டவுடன் இன்னொன்று பிடித்தது. அது வேறு வாய், சின்னது, பலமில்லாதது. ஆனால் கடித்தது. கையை இழுக்கிறேன், வரவில்லை. கத்துகிறேன், சத்தமில்லை. மூன்றாவது வாய் பிடித்தபோது என் உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். மேல் உதட்டின் நடுவில் பிளவு இருந்தது. அந்த இடைவெளி வழியாகக் காற்று என் விரலில் பட்டுப் பட்டுப் போனது. அந்த உதட்டை எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் எண்ண ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியாது, எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாலு, ஐந்து, ஆறு. ஒன்றின் வாய் மாதிரி இன்னொன்று இல்லை. அன்பாக ஒன்றும் பிடிக்கவில்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பசியில் பிடித்ததா கோபத்தில் பிடித்ததா என்றால், இரண்டும் சேர்ந்த மாதிரி இருந்தது. ஒன்பதாவது வாய் கடித்துவிட்டு விட்டதும் கை தானாக விடுபட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். கிண்ணம் உருண்டு போய்க் கதவில் மோதியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஹெட் நர்ஸ் ஓடி வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுத் திரும்பியிருக்கிறார், சந்தேகம். தரையில் கிடந்த கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார், என் விரலைப் பார்த்தார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி அந்த ஒரு விரல் மட்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"நீயா?" என்றார். கிண்ணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "எத்தனை பிள்ளைக்கு வெச்சே?"

"ஞாபகமில்லீங்க. செத்தது ஒன்பதுங்க."

"எண்ணிக்கிட்டே வெச்சியா, பாவி?"

"நான் எண்ணலீங்க. இப்பத்தான் அவங்க எண்ணிக் காட்டுனாங்க."

என் இடுப்பிலிருந்து சாவியை அவரே உருவினார். என்னைப் பிடரியில் தள்ளிக்கொண்டுபோய் அலமாரியைத் திறந்து புத்தகத்தை விரித்தார். குழந்தைகளுக்குப் பேர் கிடையாது, பேர் வைக்கிற நாளுக்கு முன்னாலேயே போனவை. தாய் பேரும் 'ஆண்', 'பெண்' என்பதும்தான் இருக்கும். அவர் தாய் பேரை வாசிக்க வாசிக்க, அந்தக் குழந்தைக்குச் சேனை வைத்தேனா இல்லையா என்று நான் சொன்னேன். நான் வைக்காமல் செத்ததும் உண்டு, மூச்சு முட்டிப் போனது, உடம்பு குளிர்ந்து போனது. வைத்துச் செத்தது ஒன்பது. எட்டும் இல்லை, பத்தும் இல்லை.

ரெஜினா அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார் என்று எழுதினால் உங்களுக்குக் கதை நன்றாக இருக்கும். போடவில்லை. என் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"வெளியே சொன்னா அந்த அப்பன்மாரே உன்னை வெட்டிப் போடுவாங்க. சொல்லமாட்டேன். உனக்காக இல்லை, நாளைக்கு ஒருத்தியும் பெத்துக்க இங்க வரமாட்டா, மறுபடியும் அரிவாளும் சாம்பலும்தான். இனிமே நான் சீட்டுல எழுதறதைத்தான் நீ புத்தகத்துல எழுதறே. என் அறைப்பக்கம் தலையைக் காட்டினே, காலை ஒடிப்பேன்."

அங்கம்மாவை அன்றைக்கே துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். கிண்ணத்தை ஹெட் நர்ஸ் என் கண்ணெதிரே பாழுங்கிணற்றில் வீசினார். அதற்கப்புறம் அந்த அறையில் சாவே இல்லை என்று சொன்னால் பொய். குறைமாதக் குழந்தைகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நான் அங்கே இருந்த வரைக்கும் பேதி என்று ஒரு சீட்டு என் மேசைக்கு வரவில்லை. மறு வருஷம் எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரெஜினா அம்மாள் கடைசி நாள் வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம்தான்.

ஒரு நாள் சேலம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பனமரத்துப்பட்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, நல்லா இருக்கீங்களா? எம்பட பையன் போனாலும் உங்க கையால ஒரு சொட்டு இனிப்பு வாங்கிட்டுப் போனானுங்க. அது போதுமுங்க எங்களுக்கு."

அவர் பிடித்திருந்தது அந்த விரலைத்தான். பஸ் வந்துவிட்டது என்று கையை உருவிக்கொண்டேன். நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

என் மருமகன் பிழைத்துக்கொண்டான். அவனைக் காப்பாற்றத்தான் அந்த ஒன்பதும் வந்தன, சர்க்கரையைத் தாங்களே சப்பித் தீர்த்துவிட்டுப் போயின என்று இதைக் கேட்ட ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனிதர். எனக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் கடி வாங்கியது நான். காப்பாற்ற வந்தது அப்படிக் கடிக்காது.

பையனுக்கு இப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அவனுக்கு நான் சேனை வைக்கவில்லை என்று அக்காளுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல், காரணத்தை நான் அவளிடம் சொன்னதில்லை, வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. மாமன் என்றால் அவனுக்கு உயிர், தோளை விட்டு இறங்கமாட்டான். ஆனால் மிட்டாயோ சோறோ, என் கையால் எதை நீட்டினாலும் உதட்டை உள்ளே மடக்கி இறுக்கிக்கொள்கிறான். போன மாதம் அவனுக்குப் பலகையில் எழுதப் பழக்கலாம் என்று மடியில் உட்காரவைத்து, அவன் கையைப் பிடித்தேன். பிடித்தவுடன் நிறுத்திவிட்டான். என் ஆள்காட்டி விரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, தன் சட்டை நுனியால் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்ன சாமி பண்றே?"

"ஈரமா இருக்குதுங்க மாமா."

பார்த்தேன், விரல் காய்ந்துதான் இருந்தது. அவன் துடைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தான், மறுபடி துடைத்தான், மறுபடி தொட்டுப் பார்த்தான். ஒன்பது தடவை துடைத்த பிறகுதான் எழுதவிட்டான்.